குழந்தைகளுக்கான நுண்துளைப் பித்தப்பை அறுவையில் குழாயை மூடும் முறைகளின் வரலாறு

பித்தப்பையை அகற்றுமுன் அதன் தமனியையும், அதைப் பொதுப் பித்தநாளத்தோடு இணைக்கும் பித்தப்பைக் குழாயையும் மூடி வெட்ட வேண்டும். தமனி திறந்துகொண்டால் இரத்தம் பெருகும். குழாய் திறந்துகொண்டால் பித்தநீர் வயிற்றுக்குள் கசிந்து அழற்சியை உண்டாக்கும்.

1882 ஜூலை 15 அன்று பெர்லினில் கார்ல் லாங்கென்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியபோது குழாயை நூலால் கட்டினார். வயிற்றைத் திறந்து செய்த அறுவை என்பதால் விரலால் முடிச்சுப் போட முடிந்தது. சிறு துளை வழியாக அது எளிதல்ல. இதற்கு ஒரு விடை தொண்டை மருத்துவத்திலிருந்து வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோடர் என்ற ஜெர்மானிய மருத்துவர் டான்சில் அறுவையில் பயன்படுத்திய நழுவு முடிச்சை, கீல் நகர மகப்பேறு மருத்துவர் குர்ட் செம் நுண்துளை அறுவைக்கு ஏற்ற நூல் வளையமாக மாற்றினார்.

1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் பொப்லிங்கனில் எரிக் மியூஹே நுண்துளை வழியே முதல் பித்தப்பையை அகற்றினார். அடுத்த சில ஆண்டுகளில் பிரான்சும் அமெரிக்காவும் இம்முறையைப் பரப்பின. அதனுடன் பரவியது உலோகக் கிளிப். ஹார்வி குஷிங் 1911இல் மூளை அறுவைக்கு வெள்ளிக் கிளிப்பை அறிமுகப்படுத்தியிருந்தார். இப்போது அந்த இடத்தில் டைட்டானியம். ஒரு நொடியில் அழுத்தி மூடிவிடலாம் என்பதே அதன் வெற்றி.

குழந்தைகளுக்குச் செய்த நுண்துளைப் பித்தப்பை அறுவைகள் பற்றிய கட்டுரைகள் 1991இல் வெளிவரத் தொடங்கின. அரிவாள் செல் நோயிலும் பரம்பரைக் கோளச்செல் நோயிலும் சிவப்பணுக்கள் தொடர்ந்து சிதைவதால் சிறு வயதிலேயே பித்தக்கல் உண்டாகிறது. தொடக்கத்தில் பெரியவர்களுக்காகச் செய்த கருவிகளே கிடைத்தன. 10 மில்லிமீட்டர் தடிமனான கிளிப் கருவி குழந்தையின் வயிற்றுக்குப் பெரிது. 5 மில்லிமீட்டர் கருவி வந்த பிறகே நிலைமை சீரானது. இன்னொரு கவலை காலம் சார்ந்தது. கிளிப் அரிதாக இடம்பெயர்ந்து பித்தநாளத்துக்குள் நுழைவதுண்டு. அதைச் சுற்றிப் புதிய கல்லே உருவாகும். சில வேளைகளில் இது பல ஆண்டுகள் கழித்துத் தெரியவரும். பத்து வயதில் பொருத்தும் கிளிப் அறுபது ஆண்டுகள் உள்ளே இருக்கக்கூடும் என்பதை நினைத்தால் இது சிறிய விஷயமல்ல. பூட்டிக்கொள்ளும் பாலிமர் கிளிப் வழுக்கும் ஆபத்தைக் குறைத்தாலும், அதுவும் உடலில் தங்கும் பொருளே.

எதையும் விட்டுவைக்காமல் மூட 1990களில் வழி பிறந்தது. நொடிக்கு 55,500 முறை அதிரும் மீயொலிக் கத்தி ஒன்று; திசுவை அழுத்திப் பிடித்து மின்சாரத்தால் அதன் புரதங்களை உருக்கி ஒட்டும் கருவி மற்றொன்று. பின்னது 7 மில்லிமீட்டர் வரையான இரத்தக்குழாய்களை மூடுவதற்காக உருவானது. குழந்தையின் பித்தப்பைக் குழாய் மெல்லியது என்பதால் அதையும் இப்படி மூடலாமே என்று குழந்தை அறுவை மருத்துவர்கள் சிலர் முயன்றனர். ஒரே கருவியால் பிரிக்கவும் மூடவும் வெட்டவும் முடியும். கருவிகளை மாற்றும் நேரமும் மிச்சம்.

ஆனால் பித்தக்குழாயின் சுவர் தமனியின் சுவரைப் போன்றதல்ல. குழந்தையில் பொதுப் பித்தநாளம் மிக அருகில் இருப்பதால் வெப்பம் அதைத் தாக்கலாம். எண்ணிக்கையும் சிக்கலானது: 100 குழந்தைகளில் ஒருவருக்கும் கசிவில்லை என்றாலும் உண்மை விகிதம் ஏறக்குறைய 3 விழுக்காடு வரை இருக்கலாம் என்கிறது புள்ளியியல். அரிதான கசிவை ஒப்பிட ஆயிரக்கணக்கானோர் தேவை. பித்தப்பை அறுவை செய்துகொள்ளும் குழந்தைகளோ குறைவு. தமனிக்கு வெப்பக் கருவியையும் குழாய்க்குக் கிளிப்பையும் பயன்படுத்துவதே என் பார்வையில் நியாயமான நடுவழி. குழாய் வீங்கி அகன்றிருந்தால் கிளிப் முழு அகலத்தையும் பிடிக்காது. அப்போது கரையும் நூலாலான வளையம்தான் கைகொடுக்கிறது.