கடல் அமிலமாகிறது: மீன் தாங்கும், சிப்பி தாங்குமா?

கனகம்மாசத்திரத்தில் கடல் இல்லை. ஆனால் நமது திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு எல்லை வங்காள விரிகுடா. அங்கே பழவேற்காட்டில் மீன், நண்டு, இறாலை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. எனவே கடல்நீரின் மாற்றம் நமக்கும் உரிய செய்திதான்.

என்ன நடக்கிறது?

மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. அது நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகி, ஹைட்ரஜன் அயனிகளை விடுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பிஎச் அளவு இன்று சுமார் 8.1. குறைந்தது 0.1 தானே என்று எண்ணிவிடக் கூடாது. ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கும் மேல் கூடியுள்ளன என்பதே இதன் பொருள். கடல்நீர் இன்னும் காரத்தன்மை கொண்டதுதான். அந்தக் காரம் குறைந்து வருகிறது.

மீனும் நண்டும்

நமது இரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டும். அமிலம் கூடினால் வேகமாக மூச்சுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறோம், சிறுநீரகமும் உதவுகிறது. மீனுக்கு மூச்சு வழி அதிகம் உதவாது. அதன் இரத்தத்தில் இவ்வாயு இயல்பிலேயே மிகக் குறைவு. நீரில் கூடினால் இரத்தத்திலும் கூடிவிடும். ஆகவே செவுள்களில் உள்ள சிறப்புச் செல்கள் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளி, பைகார்பனேட்டை இரத்தத்தில் சேர்க்கின்றன. சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் இரத்தம் சீராகிறது. பல நண்டினங்களும் இவ்வாறே சமாளிக்கின்றன. ஆனால் இதற்குச் சக்தி செலவாகிறது. வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் உரிய பங்கு குறையலாம்.

சிப்பியும் குஞ்சுகளும்

ஆளி, மட்டி போன்ற சிப்பியினங்களுக்கு இந்தத் திறன் குறைவு. உடல் திரவம் அமிலமாகும்போது சில இனங்கள் தம் ஓட்டின் சுண்ணாம்பையே கரைத்து ஈடுகட்டுகின்றன. செவுள் முழுமையாக வளராத மீன் குஞ்சுகளுக்கும் ஆபத்து அதிகம். அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் 2007 வாக்கில் ஆளிக் குஞ்சுப் பொரிப்பகத்தில் குஞ்சுகள் பெருமளவில் மடிந்தன. ஆழத்திலிருந்து மேலெழுந்த, அமிலத்தன்மை கூடிய நீரே காரணம் என ஆய்வில் தெரிந்தது. சோடா உப்புச் சேர்த்து நீரைச் சரிசெய்த பிறகே குஞ்சுகள் தேறின.

பொரிப்பகத் தொட்டியில் இது சாத்தியம், கடலில் சாத்தியமில்லை. உலகம் புகையைக் குறைப்பதே முதன்மைத் தீர்வு. அதோடு கழிவுநீர் அழுகும்போதும் கார்பன் டை ஆக்சைடு பெருகுகிறது, ஆக்சிஜன் குறைகிறது. ஏரிகளிலும் முகத்துவாரங்களிலும் கழிவு கலக்காமல் காப்பது நம் கையில் உள்ளது.