பறியும் காத்தாடியும்

மின்சாரத்தின் வரலாற்றை அணைக்கட்டிலிருந்து தொடங்குவது அதிகாரிகள் வழக்கம். நாம் கிணற்றடியிலிருந்து தொடங்குவோம்.

மோட்டார் வருவதற்கு முன் கொங்குச் சீமையில் தண்ணீர் கவலையில்தான் ஏறியது. இழுத்தது எருது. மொண்டு வந்த பறியோ, எங்க மாதாரி ஜனங்கள் தோல் பதப்படுத்தித் தைத்தது. கூலி, களத்துமேட்டில் பண்ணையக்காரர் அளந்து போட்ட தானியம். அவன் தைத்த தோலில் ஏறிய தண்ணீர் பயிருக்குத் தீட்டில்லை. அதே கிணற்றில் அவன் இறங்கி மொண்டால் தீட்டு!

1932இல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. கோவையில் மில்லுகள் பெருகின. பிறகு கிணற்றுக்குக் கிணறு மோட்டார். "கரண்டு வந்துச்சு, பறி பரண்ல ஏறிச்சு, நாம கூலிக்கு எறங்கிட்டோம்" என்பார் எங்க பாட்டன். 1990 வாக்கில் பம்புசெட்டுக்கு மின்சாரம் முழுக்க இலவசமானது. நல்லதுதான், கிணறு இருக்கிறவனுக்கு. நிலமே இல்லாதவனுக்கு?

தண்ணீர் மின்சாரம் போதவில்லை, நிலக்கரி வந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கியது. ஒடிசாவில் வெட்டிய கரி கப்பலேறி இங்கே வந்தது. வெளிச்சம் ஊருக்கெல்லாம் போனது. சாம்பல் கொசஸ்தலை ஆற்றங்கரையில் மீன்பிடித்துப் பிழைத்தவர்கள் மேல் விழுந்தது. 2008க்குப் பிந்தைய மின்வெட்டு வருஷங்களில் திருப்பூர் பனியன் கம்பெனிகளை டீசல் ஜெனரேட்டர்தான் ஓட்டியது. எங்க அம்மா கைமடித்த கம்பெனியில் அது பெண்கள் உட்காரும் ஜன்னலோரம் இருந்தது. முதலாளி அறை எதிர்ப்பக்கம். ராத்திரி முழுக்க அம்மா இருமும். கரியும் டீசலும் விட்ட புகையால் பூமி சூடாகி, மழை தப்பினாலும் வேலையும் கஞ்சியும் முதலில் போவது தினக்கூலிக்குத்தான். ஆகவே நிலக்கரி போக வேண்டும் என்று கேட்க நம்மைவிட உரிமை யாருக்கு உண்டு?

மாற்று நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மே முதல் செப்டம்பர் வரை உடுமலையை உலுக்கும். மற்ற மாதங்களில் வெயிலுக்குக் குறைவில்லை. இரண்டுக்கும் கரி வாங்க வேண்டாம், சாம்பல் கொட்ட வேண்டாம். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

ஆனால் யாருடைய காத்தாடி? வருமான வரிச் சலுகையோடு மில்லுக்காரர்கள் நட்டார்கள். நிலம் விற்றவர்கள் காசு பார்த்தார்கள். நம்ம ஆளுக்கு வாட்ச்மேன் வேலை. 2024இல் வந்த சூரியக் கூரைத் திட்டத்துக்கும் சொந்தக் கூரை வேண்டும். பட்டா இல்லாத காலனி வீட்டுக்கு அது எப்படி வரும்?

வேறு வழியும் இங்கேயே நிற்கிறது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. பெரும்பகுதி வங்கிக் கடன். நட்ட இடம் நம்ம உடுமலைக்குப் பக்கத்து மைவாடி. ஊராட்சியின் மின்தேவை போக மிச்சத்தை வாரியத்துக்கு விற்றார்கள்.

காத்துக்குப் பட்டா கிடையாது. காத்தாடி நிற்கும் நிலத்துக்கு உண்டு. 1892 ஆணைப்படி நமக்குத் தந்த பஞ்சமி நிலங்களை மீட்டு, அதில் நம் பெயரிலேயே காத்தாடியும் சூரியத் தகடும் நிற்க வேண்டும். ஊராட்சியால் கடன் வாங்க முடியுமென்றால் காலனிச் சங்கத்தாலும் முடியும். பறி போனபோது நம்மை யாரும் கேட்கவில்லை. நிலக்கரி போகும்போது நாம் கேட்டே ஆக வேண்டும்.