பந்திக்கு நடுவே ஒரு கடன்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அக்கரையில், கிண்ணியாவில், எங்கட வீட்டில் ஒரு கொப்பி இருக்கிறது. வாப்பாட வாப்பா அறபுத்தமிழில் எழுதியது. 2004 சுனாமித் தண்ணீரில் நனைந்தும் தப்பியது. தோணிக் கூலி, வலை, கடன், பிள்ளைகள் பிறந்த நாள் எல்லாம் அதில் உண்டு. பந்தி கிடையாது. சில இடங்களில் மட்டும் குறுக்கே கோடு கீறியிருக்கிறார்.

அதைத் தமிழ் எழுத்தில் புத்தகமாக்க முனைந்தேன். தட்டச்சு செய்த தம்பி, வாசிக்க இலேசாக இருக்கட்டும் என்று நினைத்த இடத்திலெல்லாம் இரண்டு தரம் 'என்டர்' தட்டியிருந்தார். ஓரிடத்தில் எனக்குத் திக்கென்றது. பக்கத்து வீட்டாருக்கு வலை கொடுத்த செய்தி, அடுத்து 40 ரூபாய், அதன்பின் "திரும்பி வர வேண்டியது" என்ற சொற்கள். வலைக்குப் பின் பந்தி பிரிந்ததால் வலை அன்பளிப்பாகிவிட்டது. பணம் மட்டும் கடனாக நின்றது.

"வெறும் இடைவெளிதானே காக்கா" என்றார் தம்பி.

ஏட்டுச் சுவடிகளில் வரி ஓரம் முதல் ஓரம் வரை ஓடும். சொல்லுக்குச் சொல் இடம் விடுவதில்லை. அறபுக் கையெழுத்துப் பிரதிகளில் புதிய விடயம் தொடங்கும் சொல்லைச் சிவப்பு மையால் எழுதுவதுண்டு. நாம் ஓதும் முஸ்ஹபுகளில் ருகூஉவைக் காட்ட ஓரத்தில் 'ஐன்' எழுத்து நிற்கும். கடனை எழுதி வைக்கச் சொல்லும் பகரா சூராவின் 282ஆம் ஆயத்தே குர்ஆனில் மிக நீளமானது. 15 வரி மதீனா முஸ்ஹபில் அது ஒரு முழுப் பக்கம். நடுவில் பந்தி இல்லை.

ஐரோப்பாவில் பந்திக் குறியை வண்ண மையால் பிறகு வரைவதற்கு இடம் விட்டு வைத்தார்கள். அச்சு வந்தபின் பல பக்கங்களில் குறி வரையப்படாமல் வெற்றிடம் மட்டும் மிஞ்சியது. முதல் வரி உள்ளே தள்ளி நிற்கும் வழக்கம் அப்படி வந்தது என்பார்கள். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக் கோப்பவர் எழுத்தில்லாத ஈயத் துண்டொன்றை வரித் தலையில் வைத்துத் தள்ளினார். வெற்று வரி விட்டால் கடதாசி கூடும். கணினியில் அந்தச் செலவு தெரிவதில்லை; கை தாராளமாகத் தட்டுகிறது.

வெற்று வரிகளை எல்லாம் அழித்தோம். இரண்டு பந்தி அமைப்புகளை உண்டாக்கினோம். நாங்கள் பிரித்த பந்திக்கு முதல் வரி அரைச் சென்ரிமீற்றர் உள்ளே; மேலே இடைவெளி பூச்சியம். அவரே கோடு கீறிய இடத்துக்கு உள்தள்ளல் இல்லை. மேலே 12 புள்ளி இடைவெளி. எது யாருடைய பிரிவு என்பதை முன்னுரையில் எழுதினோம். வலைக் கணக்கை மட்டும் பிரிக்காமல் ஒரே ஓட்டமாக விட்டோம்.

அந்த வீட்டுப் பேரனிடம் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார்.

"வலையும் கடன்தான் போல. நாங்க தாறம்."

"வேணாம், எங்கட வீட்டாக்கள் எல்லாரும் ஹலாலாக்கிட்டம்" என்றேன்.