எது ஆகாது என்று கணக்குப் போட்டவர்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் பிள்ளைகளில் சிலர் மருந்து ஆராய்ச்சியில் கம்ப்யூட்டேஷனல் கெமிஸ்டாக இருக்கிறார்கள். “கெமிஸ்ட்ரி படித்துவிட்டு நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் என்ன செய்கிறான்?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல நம்ம ஊர்ப் பக்கமிருந்தே தொடங்கலாம்.

சர் சி.வி.ராமன் 1888 நவம்பர் 7 அன்று நம் திருவானைக்காவலில் பிறந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். பாலம் தாண்டி, தெப்பக்குளம் அருகே இருக்கும் செயின்ட் ஜோசப் கல்லூரியில் அப்துல் கலாம் படித்ததும் தெரியும். கலாமுக்கு முன்பே, 1942-இல், அங்கே இயற்பியல் ஆனர்ஸ் முடித்த ஒருவரைத்தான் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ஜி.என்.ராமச்சந்திரன். 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூருக்கு மின்பொறியியல் படிக்கப் போனவரை, அங்கிருந்த ராமன் தன் இயற்பியல் துறைக்கு அழைத்துக்கொண்டார்.

1952-இல், முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். நம் தோல், தசைநார், எலும்பு எல்லாவற்றிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் அப்போது யாருக்கும் புரியவில்லை. சென்னையிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்ததால் மாதிரிக்கு அலையத் தேவையில்லை. அவரும் கோபிநாத் கர்த்தாவும், அது மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு என்று 1954-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள்.

டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் மறுப்புச் சொன்னார்கள். மூன்று இழை சரிதான், ஆனால் சில அணுக்கள் இருக்க முடியாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் வாதம். சண்டைக்குப் போகாமல் ராமச்சந்திரன் அடிப்படைக் கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?

இங்கே கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பழக்கதோஷம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சரம். ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய பிணைப்புகள் இரண்டு. அந்தக் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். நம் முழங்கை பின்பக்கம் மடங்காதது போல, சில கோணங்களில் திருப்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கும்.

சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவருடனும் சேர்ந்து, எந்தக் கோணத்தில் இடிக்கும், எதில் இடிக்காது என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டார். கையில் இருந்தது மேசைக் கணக்குப் பொறிதான். முடிவுகளை ஒரு சதுரப் படமாக 1963-இல் வெளியிட்டார்கள். அதுதான் ‘ராமச்சந்திரன் வரைபடம்’. சாதாரண அமினோ அமிலத்துக்கு அந்தச் சதுரத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஆகாத இடம். மிகச் சிறிய கிளைசினுக்கு மட்டும் தாராளமாக இடம் உண்டு. அணு அணுவாக வடிவம் தெரிந்த புரதங்களை அப்போது விரல்விட்டு எண்ணலாம். பிறகு வந்த ஆயிரக்கணக்கான புரதங்களும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கின.

மருந்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பல மருந்துகள், நோய்க்குக் காரணமான புரதத்தின் ஒரு பள்ளத்தில் போய்ப் பொருந்தி வேலை செய்கின்றன. எச்.ஐ.வி.க்கு 1995-இல் அங்கீகாரம் பெற்ற சக்வினாவிர் அப்படிப்பட்டது. இன்று லட்சக்கணக்கான மூலக்கூறுகளைக் கம்ப்யூட்டரிலேயே பொருத்திப் பார்த்து, தேறிய சிலவற்றை மட்டும் சோதனைக்கூடத்தில் தயாரிக்கிறார்கள். புரதத்தின் வடிவமே தவறு என்றால் அத்தனை உழைப்பும் வீண். அதனால்தான் உலகப் புரதத் தகவல் வங்கியில் சேரும் வடிவங்களுக்கான தர அறிக்கையில், ராமச்சந்திரன் எல்லைக்கு வெளியே எத்தனை கண்ணிகள் என்ற கணக்கு இன்றும் இடம்பெறுகிறது.

கணினி வேதியியலுக்கு 2013-இல் நோபல் பரிசு கிடைத்தது. கணினியில் புரதங்களை வடிவமைத்ததற்கும் அவற்றின் வடிவத்தைக் கணித்ததற்கும் 2024-இல் கிடைத்தது. ராமச்சந்திரனுக்குக் கிடைக்கவில்லை. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. இந்தத் துறையில் இருக்கும் என் மாணவி ஒருத்தி, “சார், இத்தனை வருஷத்தில் நான் பார்த்த எதுவும் மருந்தாகவில்லை. ‘இது ஆகாது, அதுவும் ஆகாது’ என்று ரிப்போர்ட் எழுதுவதே வேலையாகிவிட்டது” என்று வருத்தப்பட்டாள். அம்மா, நீ ‘ஆகாது’ என்று சரியாகச் சொல்லும் ஒவ்வொன்றும் இன்னொருவரின் பல மாத உழைப்பை மிச்சப்படுத்துகிறது. உன் வேலைக்கு அஸ்திவாரம் போட்ட அந்தப் படத்திலும் பெரும்பகுதி ‘ஆகாது’தான்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.