சாயம் இறங்குமா, இறங்காதா? ஒரு படகின் அடிப்பக்கக் கதை

இன்றைய எபிசோட் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறதைப் பற்றி. சேவூர்க்காரனுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். எங்க ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் முதலில் வருவது பனியன் கம்பெனி. கடல் ரொம்ப தூரம். ஆனா இந்தக் கதையைப் புரிந்துகொள்ள திருப்பூர்ப் பக்கத்து மூளைதான் எனக்கு உதவியது.

சென்னையில் என்னோடு வேலை பார்க்கிற நண்பன் ஒருவன் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினான். ஃபைபர் கிளாஸ் படகு, நீளம் 14 அடி, இரண்டு பேர் போகலாம். பக்கவாட்டில் வெள்ளை மங்கி, தொட்டால் சுண்ணாம்பு மாதிரி கையில் வந்தது. அடிப்பக்கத்தில் தடிமனாக ஒரு செங்காவிப் பூச்சு. எந்த வருடப் படகு, யார் எந்தப் பெயின்ட் அடித்தார்கள், எதுவும் தெரியாது. "ரெண்டு வீக்எண்ட்ல நாமளே முடிச்சிடலாம்டா" என்றான். நானும் ஒரு என்ஜினியர் இல்லையா, உடனே ஸ்ப்ரெட்ஷீட் திறந்துவிட்டேன்.

பெயின்ட் பட்டியலில் குழம்பியபோது, சாயப்பட்டறையில் பல வருடம் இருந்த என் மாமாவுக்கு போன் போட்டேன். கலர் ஒட்டுவதைப் பற்றி அவருக்குத் தெரியாததா? நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "மாப்ள, கலர் எதுவா வேணா இருக்கட்டும். அது தண்ணியில இறங்குமா, இறங்காதா? அதைச் சொல்லு மொதல்ல."

"தெரியலீங்க மாமா" என்றேன். அதைத் தெரிந்துகொள்ளப் போய்த்தான் இந்த எபிசோட் உருவானது.

படகு என்பதும் துணிதான்

ஃபைபர் கிளாஸ் படகு எதனால் ஆனது தெரியுமா? கண்ணாடி இழைத் துணி, அதை நனைத்து இறுக வைக்கும் பாலியெஸ்டர் ரெசின். நம்ம ஊர் ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட்டில் இருக்கிற பாலியெஸ்டருக்கு இது தூரத்துப் பங்காளி. கண்ணாடி இழைத் துணியைக் கடையில் எப்படிக் கேட்டு வாங்குவார்கள்? ஜி.எஸ்.எம். கணக்கில்! பனியன் துணி 180 ஜி.எஸ்.எம். என்கிற மாதிரி, கண்ணாடி இழை மேட் 300, 450 ஜி.எஸ்.எம். என்று வரும். இதைக் கேட்டதும் எனக்கு சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

புதுப் படகின் நிறம் பெயின்ட் இல்லை. 'ஜெல்கோட்' என்கிற மேல்பூச்சு ரெசினிலேயே நிறத்தைக் கலந்துவிடுவார்கள். வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்தால் அது பொடிந்து மங்கும். அப்போதுதான் பெயின்ட் வேலை வரும். பக்கவாட்டுக்கு அடிப்பது டூ-பேக் பாலியூரித்தேன். நல்ல சாயம் மாதிரி, ஒட்டிக்கொண்டால் இறங்கக் கூடாது.

அடிப்பக்கத்தின் கதை நேர் எதிர். தண்ணீரிலேயே கிடக்கிற படகின் அடியில் பாசி, கொட்டலசு எல்லாம் ஒட்டி வளரும். படகு கனத்து, வேகம் போய்விடும். அதைத் தடுக்கும் பெயின்ட்டின் பெயர் ஆன்டிஃபவுலிங். அது வேலை செய்வதே விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறக்கித்தான். நம்ம ஊரில் சாயம் இறங்கினால் சரக்கு ரிஜெக்ட். இங்கே சாயம் இறங்காவிட்டால்தான் ரிஜெக்ட்.

செம்பு கற்றுக்கொடுத்த பாடம்

1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பக்கம் முழுக்கச் செம்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. மரத்தைத் துளைக்கிற கப்பல் புழுவைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. திரும்பி வந்தபோது மரம் நன்றாக இருந்தது. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. உப்புத் தண்ணீரில் செம்பும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டால் ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடும். அதில் அழிவது இரும்பு.

அறுபது வருடம் கழித்து வேறு பிரச்சினை. இப்போது செம்புத் தகடே கடல் தண்ணீரில் கரைகிறது. கடற்படை ஹம்ஃப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியிடம் போனது. 1824-ல் அவர் அருமையான தீர்வு சொன்னார். செம்போடு கொஞ்சம் துத்தநாகமோ இரும்போ பொருத்துங்கள், அது தன்னை அழித்துக்கொண்டு செம்பைக் காப்பாற்றும். சொன்ன மாதிரியே செம்பு கரைவது நின்றது. ஆனால் செம்பு மேலேயே பாசியும் கொட்டலசும் வளர ஆரம்பித்தன! சில வருடங்களிலேயே கடற்படை அதைக் கைவிட்டது. இவ்வளவு நாள் கப்பலைச் சுத்தமாக வைத்திருந்தது செம்புத் தகடு இல்லை, தண்ணீரில் கரைந்துபோன செம்பு. நாம் பக் என்று நினைத்துச் சரிசெய்தது, உண்மையில் அந்த சாஃப்ட்வேரின் முக்கியமான ஃபீச்சராக இருந்த மாதிரி.

மாமா கேட்ட கேள்விக்கு டேவி 200 வருடம் முன்பே பதில் கண்டுபிடித்திருக்கிறார். இறங்கும். இறங்கியே ஆக வேண்டும்.

சின்னப் படகுகள் செய்த பெரிய தப்பு

1960களில் செம்பை விடப் பலமான ஒன்று வந்தது. ட்ரைபியூட்டைல்டின், சுருக்கமாக டி.பி.டி. அடித்தால் வருடக்கணக்கில் அடிப்பக்கம் பளிச்சென்று இருக்கும். எல்லாரும் அடித்தார்கள்.

பிரான்சின் தென்மேற்கில் ஆர்காஷோன் என்று ஒரு வளைகுடா. சிப்பி வளர்ப்புக்குப் பேர்போன இடம். 1970களின் கடைசியில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்த சிப்பிகளின் ஓடுகள் கோணலாகத் தடித்தன. காரணத்தைத் தேடியபோது, பக்கத்தில் கட்டிக் கிடந்த உல்லாசப் படகுகளின் அடிப்பக்கப் பெயின்ட்டில் போய் நின்றது. 1982-ல் பிரான்ஸ் 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு டி.பி.டி.யைத் தடை செய்தது. பிரிட்டன் கடற்கரைகளில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்து, இனப்பெருக்கமே நின்றுபோனது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே அந்தப் பாதிப்பு தொடங்கியது. பிரிட்டன் 1987-ல் தடை செய்தது. 2001-ல் சர்வதேச கடல்சார் அமைப்பு உடன்படிக்கை கொண்டுவந்தது, 2008 செப்டம்பரில் அது அமலுக்கு வந்தது. இந்தியா 2015-ல் அதில் சேர்ந்தது.

முதல் தடை பெரிய கப்பல்களுக்கு வரவில்லை, கவனித்தீர்களா? நண்பனுடையதைப் போன்ற, சனி ஞாயிறு மட்டும் ஓடுகிற பொழுதுபோக்குப் படகுகளுக்கு வந்தது. "நம்ம ஒருத்தன் அடிச்சா என்ன ஆயிடப் போகுது" என்று நினைத்த ஆயிரம் பேர் ஒரே வளைகுடாவில் இருந்தார்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு இந்தக் கதை புதுசு இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னப் பட்டறை, ஆனால் எல்லாக் கழிவும் ஒரே நொய்யலில். கீழே ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி, விவசாயிகள் நிலத்தையும் கிணற்றையும் இழந்து கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. வேலை போனவர்களின் வீடுகளும் எங்களுக்குத் தெரியும், பயிர் போனவர்களின் வீடுகளும் தெரியும். மாமாவின் கேள்வி அங்கிருந்து வந்தது.

படகு ராத்திரி எங்கே தூங்குகிறது?

நம்ம சோழமண்டலக் கடற்கரை இதை வேறு மாதிரி சமாளித்தது. கட்டுமரம் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயப் போட்டுவிடுவார்கள். மெட்ராஸ் மசூலா படகும் கரையில்தான் கிடக்கும். 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய எஃப்.ஏ.ஓ.வின் வங்காள விரிகுடா திட்டம், இதே கரையில் ஏற்றக்கூடிய புதுப் படகுகளை வடிவமைத்துப் பார்த்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். மீனவர்கள் அவற்றையும் மணலில் இழுத்துத்தான் வைக்கிறார்கள். வெயிலில் காய்கிற அடிப்பக்கத்தில் கொட்டலசு வளராது. அதற்கு விஷம் எதுவும் தேவையில்லை.

நண்பனிடம் கேட்டேன். "உன் படகு ராத்திரி எங்கடா இருக்கும்?"

"ட்ரெய்லர்லதான். கரையில."

அப்புறம் எதற்கு ஆன்டிஃபவுலிங்? மாசக்கணக்கில் தண்ணீரில் நிற்கிற படகுக்கும் கப்பலுக்கும் அது வேண்டும், மறுக்கவில்லை. அழுக்கு அடியோடு ஓடினால் டீசலும் கூடுதலாக எரியும். இந்தப் படகுக்குத் தேவையே இல்லை.

இரண்டு வீக்எண்ட், நான்கானது

மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய செங்காவியில் டி.பி.டி. இருக்கிறதா, செம்பு இருக்கிறதா என்று தெரியாததால் மோசமானது என்றே வைத்துக்கொண்டோம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூசி நேரே நுரையீரலுக்குப் போகும். அதனால் கீழே தார்ப்பாய் விரித்து, மாஸ்க், கையுறை போட்டு, தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தோம். பிறகு கரைப்பானால் துடைத்து, கீறல்களை எபாக்ஸி மக்கால் நிரப்பி, எபாக்ஸி ப்ரைமர் அடித்தோம். கடைசியாக டூ-பேக். ஒருத்தர் ரோலரில் ஓட்டிக்கொண்டே போக, இன்னொருத்தர் பின்னாலேயே காய்ந்த பிரஷ் நுனியால் தடவிக் குமிழியை உடைக்க வேண்டும். டூ-பேக்கை வீட்டில் ஸ்ப்ரே பண்ணாதீர்கள். அதில் இருக்கிற ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும்.

தேய்த்து முடித்தபோது தார்ப்பாயில் ஒன்றரை பக்கெட் சிவப்புக் குழம்பு தேங்கியிருந்தது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர், "ஹோஸ் போட்டு அடிச்சு விடுங்க தம்பி, போயிடும்" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு முதுகு வலியில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடிக்கவில்லை. காய வைத்து, மூடி போட்ட ட்ரம்மில் அள்ளி, மேலே எழுதி ஒட்டினோம்.

மாமாவிடம் போட்டோ காட்டினேன். பளபளவென்று இருந்த வெள்ளைப் படகை ஒரு நிமிடம் பார்த்தார். அடுத்த போட்டோவில் ட்ரம்.

"இதை என்ன பண்ணப் போறே?"

"முறையா அபாயக் கழிவு எடுக்கிறவங்ககிட்ட குடுக்கணுங்க மாமா. இவ்வளவு கொஞ்சமா இருந்தா யார் வாங்கறாங்கன்னு விசாரிச்சுட்டு இருக்கோம்."

சிரித்தார். "எங்க பட்டறையிலயும் சுத்திகரிப்பு பண்ணின சேறு மூட்டை மூட்டையா இப்படித்தான் அடுக்கிக் கிடந்துச்சு. தண்ணியில விடாம இருக்கறது பாதி வேலைதான் மாப்ள."

அந்த ட்ரம் இன்னும் நண்பனின் ஷெட்டில்தான் இருக்கிறது. மீதிப் பாதியை முடித்ததும் இங்கேயே வந்து சொல்கிறேன். அதுவரைக்கும், எதற்குப் பெயின்ட் வாங்கினாலும் மாமாவின் கேள்வியை ஒருமுறை கேட்டுவிடுங்கள். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.