தோற்றான் என்றது கல்

பள்ளி மேடையில் பண்டாரவன்னியனைக் கொன்ற பின்னர்தான் திரை இறங்கும். காட்டிக்கொடுத்த காக்கை வன்னியனாக நடித்த என் வகுப்புத் தோழனை, அதன்பின் ஊரே 'காக்கை' என்றழைத்தது. நன்றாக நடித்ததே அவன் செய்த குற்றம்!

கண்டிப் போர் நடந்த 1803ஆம் ஆண்டில், ஓகஸ்ட் 25 அன்று, பிரித்தானியரின் முல்லைத்தீவுக் கோட்டையை வீழ்த்தியவன் பண்டாரவன்னியன். நாடகம் அந்த வெற்றியைக் கொண்டாடிவிட்டு, நேரே துரோகத்துக்கும் மரணத்துக்கும் தாவிவிடும்.

பத்திரிகையாளனான பிறகு ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவுக்குச் சென்றேன். 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் அவ்விடத்தில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்றது ஆங்கிலேயர் நட்ட நடுகல். கொன்றார் என்றில்லை. கொன்றிருந்தால் வென்றவர்கள் அதைப் பொறிக்காமல் விட்டிருப்பார்களா? தப்பிப் பிழைத்து 1811இல் இறந்தான் என்பாரும் உளர்.

காக்கை வன்னியன் கதை செவிவழி வந்தது. துரோகி ஒருவன் இல்லாமல் எங்கள் வீரன் தோற்பதை நாங்கள் பொறுப்பதில்லை. சிறுவனாக நானும் பொறுத்ததில்லை. இன்றோ, தோற்ற பின்னும் காட்டில் உயிர்வாழ்ந்த அந்த மனிதனே எனக்கு நெருக்கமானவன்.

தோழன் இப்போது கனடாவில். தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

"அப்ப நான் சும்மாவோ இவ்வளவு காலமும் பேச்சு வாங்கினனான்?" என்றான்.