விளம்பரப் பக்கமும் வரலாற்றுச் சான்றும்: 1990களின் அமெரிக்கத் தென்பகுதி ராப் இசைத்தொகுப்புகள்

இதழ்களைச் சான்றாகக் கொண்டு பண்பாட்டு வரலாறு எழுதுவோர் முதலில் நாடுவன தலையங்கமும் மதிப்புரையும் நேர்காணலுமே ஆகும். விளம்பரப் பக்கம் வணிகத்தின்பாற்பட்டது என்று ஒதுக்கப்படுவது வழக்கம். 1990களில் அமெரிக்கத் தென்பகுதி நகரங்களில் தோன்றிய ராப் இசைத்தொகுப்புகளைப் பொறுத்தவரை இவ்வொதுக்கம் பிழையான வரலாற்றுக்கே இட்டுச்செல்லும். ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், மெம்பிஸ் ஆகிய நகரங்களின் சிறு நிறுவனங்கள் வெளியிட்ட தொகுப்புகளுள் பல, நாடு தழுவிய இதழ்களில் மதிப்புரை பெறவில்லை. அவை வெளிவந்தமைக்கு அச்சில் எஞ்சியுள்ள சான்று பெரும்பாலும் விளம்பரமே.

ராப் இசை 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் உருக்கொண்டது. அதன் முதன்மை இதழாக வளர்ந்த 'தி சோர்ஸ்', 1988இல் டேவிட் மேஸ், ஜான் ஷெக்டர் என்னும் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களால் தொடங்கப்பெற்றுப் பின்னர் நியூயார்க்கிற்கு இடம்பெயர்ந்தது. ஒலிவாங்கிச் சின்னங்களால் தொகுப்புகளுக்கு மதிப்பெண் வழங்கும் அதன் மதிப்புரைப் பகுதி, கலைஞர்தம் தலைவிதியை எழுதும் ஆற்றல் பெற்றிருந்தது எனலாம். அம்மதிப்பீட்டின் அளவுகோல் நியூயார்க்கினுடையது. 1995 ஆகஸ்டு 3 அன்று நியூயார்க்கில் நடைபெற்ற அவ்விதழின் விருது விழாவில், அட்லாண்டாவின் 'அவுட்காஸ்ட்' இருவர் குழு சிறந்த புதிய குழுவுக்கான விருதைப் பெற்றபோது அவையினர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். தென்பகுதிக்கும் சொல்ல ஒரு செய்தி உண்டு என்னும் பொருள்பட ஆந்த்ரே மேடையில் மறுமொழி கூறியது இன்றளவும் நினைவுகூரப்படுகிறது. கலிபோர்னியாவிலிருந்து வந்த 'மர்டர் டாக்' இதழ் தென்பகுதிக் கலைஞர்களுக்கு நீண்ட நேர்காணல்களுக்கு இடமளித்தது என்பதையும் குறிப்பிடல் வேண்டும். எனினும் ஜூலியா பெவர்லியின் 'ஓசோன்' புளோரிடாவில் தோன்றியது 2002இலேதான்.

மதிப்புரைப் பக்கத்தின் கதவு அடைத்திருக்க, விளம்பரப் பக்கம் பணம் செலுத்துவோர் எவருக்கும் திறந்திருந்தது. ஒரே இதழின் இருவகைப் பக்கங்கள் இருவேறு வரலாறுகளைச் சுமந்து நின்றதன் காரணம் இதுவே. வானொலி வாய்ப்போ தொலைக்காட்சி ஒளிப்படமோ இல்லாத சிறு நிறுவனத்திற்கு ஒரு பக்க விளம்பரமே தன் நகருக்கு அப்பால் செல்லும் வழியாயிற்று. இசைநாடாக்கள் மகிழுந்தின் பின்பெட்டியிலிருந்தும் முடிதிருத்தகங்களிலிருந்தும் விற்கப்பட்ட சூழல் அது. 'பில்போர்டு' இதழ் 1991 மே மாதம் முதல், கடைக்காரர் வாய்மொழியை விடுத்து, பட்டைக்குறியீட்டு வழி விற்பனைக் கணக்கைக் கைக்கொண்டது. ராப் இசையின் உண்மையான விற்பனை அதனால் வெளிப்பட்டது. ஆயினும் கருவி பொருத்தப்படாத சிறு கடைகளின் விற்பனை அக்கணக்கிலும் ஏறவில்லை. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வானொலி நிலையங்களைச் சில பெருநிறுவனங்களின் கையில் குவித்தபின், உள்ளூர் ஒலிபரப்பின் வாயிலும் குறுகியது.

இவ்விளம்பரங்களின் தோற்றத்தை வரையறுத்த நிறுவனம் ஹூஸ்டனின் 'பென் அண்டு பிக்ஸல்' ஆகும். ஆரன் பிரவுக், ஷான் பிரவுக் என்னும் உடன்பிறந்தார் 1992இல் தொடங்கி 2003இல் மூடிய இவ்வடிவமைப்பகம், வைரம் பதித்தாற்போன்ற எழுத்துகள், மாளிகைகள், மகிழுந்துகள், தீப்பிழம்புகள் ஆகியவற்றைக் கணினியில் அடுக்கியடுக்கி ஒட்டிய படங்களால் அறியப்பட்டது. ஜுவனைலின் '400 டிகிரீஸ்' (1998) முதலிய புகழ்பெற்ற அட்டைகளும் இங்கு உருவானவையே. இப்பாணியை ரசனைக் குறைவு என எள்ளுவோர் உளர். அவ்வெள்ளல் அதன் பயன்பாட்டைக் கருதாதது. பெயரறியாக் கலைஞர் ஒருவரின் தொகுப்பு, கடையின் அடுக்கிலும் இதழின் பக்கத்திலும் கண்ணைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்கென வகுக்கப்பட்ட எழுத்துமுறை அது. கூரை ஒழுகும் வீட்டில் வாழ்ந்தவர் பளிங்கு மாளிகையின் முன் நிற்பதாகக் காட்டியதில் பொய்யும் உண்டு, வேட்கையும் உண்டு.

விளம்பரத்தை முழுமையான வணிக உத்தியாக வளர்த்தவர் மாஸ்டர் பி எனப்படும் பெர்சி மில்லர். நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த இவர், கலிபோர்னியாவின் ரிச்மண்டில் இசைக்கடையாகத் தொடங்கிய 'நோ லிமிட்' பெயரையே தம் இசை நிறுவனத்திற்கும் இட்டார். 1996இல் 'பிரையாரிட்டி' நிறுவனத்துடன் விநியோக ஒப்பந்தம் செய்தபோது ஒலிப்பதிவுகளின் உரிமையைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். 1998இல் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட தொகுப்புகள் வெளிவந்தன. குறுந்தகட்டின் உள்ளேட்டிலேயே அடுத்து வரவுள்ள தொகுப்புகளின் அட்டைகள் வரிசையாக அச்சிடப்பட்டன. வாங்கியவர் கையிலேயே அடுத்த விளம்பரம் சேர்ந்துவிடும்.

ஆயினும் விளம்பரம் வாக்குறுதியே அன்றி நிகழ்ச்சிப் பதிவன்று. அறிவிக்கப்பட்ட நாளில் வெளிவராதவை, பெயர் மாறி வந்தவை, வராமலே போனவை எனப் பலவும் அப்பக்கங்களில் கலந்துள்ளன. ஆகவே விளம்பரத்தை மட்டுமே கொண்டு தொகுப்புப் பட்டியல் வகுப்பது ஆபத்தானது. அதே வேளையில், வராத தொகுப்பின் விளம்பரம் ஒரு நிறுவனத்தின் திட்டத்தையும் முறிவையும் காட்டும் அரிய சான்று என்பதை மறுத்தலும் இயலாது. பக்கத்தின் அடியில் சிற்றெழுத்தில் அச்சான விநியோகிப்போர் பெயர் நடுவிலுள்ள வைர எழுத்துகளினும் பெறுமதி உடையது. ஹூஸ்டனின் 'சவுத்வெஸ்ட் ஹோல்சேல்', மெம்பிஸின் 'செலக்ட்-ஓ-ஹிட்ஸ்' ஆகிய பெயர்களைப் பின்தொடர்ந்தால் எந்நகரின் இசை எவ்வழியே பரவியது என்பது துலங்கும்.

அண்மைக் காலத்தில் இத்தொகுப்புகள்மீது பழநினைவு ஏக்கம் பெருகியுள்ளது. இதனால் பல தொகுப்புகள் மீண்டும் கேட்கப்படுகின்றன, இது நன்றே. எனினும் இவ்வேக்கம் பலவேளைகளில் அட்டைப் படத்தோடு நின்றுவிடுகிறது. பிக் பேரின் 'டூயின் தாங்ஸ்' (1998), சுருட்டுப் புகைக்கும் கரடிகள் சூழ அமைந்த அட்டைக்காக நகைப்புடன் பகிரப்படும் அளவிற்கு அதன் பாடல்களுக்காகப் பேசப்படுவதில்லை. 'கவனிக்கப்படாதவை' என்னும் அடைமொழியும் ஆராயத்தக்கது. மெம்பிஸிலிருந்து ஹூஸ்டனுக்குச் சென்று 'ஸ்வாவ் ஹவுஸ்' வழி 1993இல் 'கமின் அவுட் ஹார்டு' வெளியிட்ட எயிட்பால், எம்.ஜே.ஜி. இருவரையும் தென்பகுதியினர் அன்றே அறிந்திருந்தனர். கவனிக்காதவர் நியூயார்க்கின் மதிப்புரையாளரே. கவனியாமை ஒரு பக்கத்தாரின் செயல் என்பதை மறைத்து, அதனைத் தொகுப்புகளின் இயல்பாகவே கூறும் சொல்லாட்சி அது.

ஆவணப்படுத்தும் முயற்சிகள் தாமதமாகவே தொடங்கின. 2000இல் மறைந்த டி.ஜே. ஸ்குரூவின் இசைத்தட்டுச் சேகரிப்பு ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. நியூ ஆர்லியன்ஸில், 2005இன் கத்ரீனா புயல் வெள்ளத்திற்குப் பின், ஹாலி ஹாப்ஸ் தொகுத்த வாய்மொழி நேர்காணல்கள் அமிஸ்டாட் ஆய்வு மையத்தில் இடம்பெற்றுள்ளன. வெள்ளம் கொண்டுபோன நாடாக்களைப் பற்றி இனி அங்குள்ளோர் நினைவையும், வேறு ஊர்களில் எவரோ எறியாமல் வைத்த பழைய இதழ்களின் விளம்பரப் பக்கங்களையுமே கேட்க வேண்டியுள்ளது.